டேப்லெட்டில் கூட்டாக ஆன்லைன் கேம்: கனடாவில் தம்பி, பாளையங்கோட்டையில் நாங்கள்

#1 பாளைவாசி

எல்லோருக்கும் வணக்கம். தம்பி குடும்பம் டொராண்டோவில் இருக்கிறது. அவன் மகனும் என் மகனும் ஏறக்குறைய ஒரே வயது, இருவருக்கும் 12 நடக்கிறது. வீடியோ காலில் உட்கார வைத்தால் "சாப்பிட்டியா", "ஸ்கூல் எப்படி" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. போன கோடையில் அவர்கள் ஊருக்கு வந்திருந்தபோது ஒரே போனை மாற்றி மாற்றி வைத்து விளையாடிக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். அதை எப்படியாவது தொடர வைக்க வேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் ஆசை. நாங்கள் இருவரும் கூடச் சேர்ந்துகொள்ளலாம்.

வீட்டில் இரண்டு சாதாரண ஆண்ட்ராய்டு போன்கள் உண்டு. 15,000 ரூபாய்க்குள் ஒரு டேப்லெட் வாங்கலாமா என்று பார்க்கிறேன். தம்பி வீட்டில் ஐபேட் இருக்கிறது. நான்கு பேரும் சேரக்கூடிய விளையாட்டு எது? போனைவிட டேப்லெட் உண்மையிலேயே நல்லதா? மகன் பிஜிஎம்ஐதான் (பப்ஜியின் இந்தியப் பதிப்பு, சுடும் விளையாட்டு) வேண்டும் என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நாலுவிரல்

அண்ணா, முதலில் பிஜிஎம்ஐ. அதில் நீங்களும் தம்பியும் சேரவே முடியாது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அப்புறம் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் இந்தியாவுக்கு மட்டும் என்று 2021 ஜூலையில் கொண்டுவந்ததுதான் பிஜிஎம்ஐ. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோரில் இருந்து தூக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. கனடாவில் கிடைப்பது பப்ஜி மொபைலின் உலகப் பதிப்பு. எராங்கல் என்ற ஆட்டக்களம் அதேதான், துப்பாக்கிகள் அதேதான், ஆனால் கணக்கும் சர்வரும் வேறு. இங்கிருந்து அவரை நண்பராகச் சேர்க்க வழியே இல்லை. விபிஎன் (நாம் இருக்கும் நாட்டை மறைக்கும் செயலி) போட்டு உலகப் பதிப்பை இறக்கு என்று சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். தடையில் இருக்கும் செயலி அது.

அதே மாதிரிச் சுடும் விளையாட்டான ஃப்ரீ ஃபயரும் உதவாது. 2 ஜிபி ராம் போனிலும் ஓடும் என்பதால்தான் நம் ஊர்ப்பக்கம் அவ்வளவு பரவியது. அது 2022 பிப்ரவரியில் தடையானது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் நிற்கிறது. அதிலும் கணக்கு எந்தப் பகுதியில் தொடங்கியதோ அந்தப் பகுதிக்காரர்களோடுதான் ஆட முடியும்.

இனி டேப்லெட். "ஐபேட் வியூ" என்று மகன் சொல்லியிருப்பான். இன்றைய போன் திரை 20:9 அளவில் ஒல்லியாக நீண்டது. ஐபேட் ஏறக்குறைய 4:3. ஒரே இடத்தில் நின்று பார்த்தாலும் ஐபேடில் மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும். மொட்டை மாடியில் நிற்பவன் போன்காரனுக்கு முன்பே உங்கள் கண்ணில் பட்டுவிடுவான். கூடவே எல்லாம் பெரிதாகத் தெரிவதால் தூரத்து ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் 15,000 ரூபாய் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இது முழுதாகக் கிடைக்காது, அவை பெரும்பாலும் 16:10 திரைகள்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. விலை குறைந்த டேப்லெட் பலவற்றில் கைரோஸ்கோப் (சாதனம் திரும்புவதை நுணுக்கமாக உணரும் கருவி, சுருக்கமாகக் கைரோ) கிடையாது. நான் ஆடுவது இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல் வைத்து. குறியை நுணுக்கமாக நகர்த்துவதெல்லாம் கைரோவில்தான், சாதனத்தைச் சாய்த்தால் குறி நகரும். அது இல்லாத டேப்லெட்டில் துப்பாக்கியின் உதறலை விரலால் மட்டுமே இழுத்துப் பிடிக்க வேண்டும். சுடும் விளையாட்டுதான் நோக்கம் என்றால் விவரப் பட்டியலில் கைரோஸ்கோப் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

#3 சின்னத்திரை

நாலுவிரல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஐபேட் வியூ உண்மை. ஆனால் எடையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 10.9 அங்குல ஐபேட் சுமார் 480 கிராம். அதைத் தூக்கிப் பிடித்து ஒரு மணி நேரம் கைரோவில் ஆடிப் பாருங்கள், மணிக்கட்டு போய்விடும். போட்டியாக ஆடுகிறவர்கள் ஐபேட் மினியைத் தேடி வாங்குவதற்குக் காரணமே அது 8.3 அங்குலம், ஏறக்குறைய 300 கிராம் என்பதுதான். பெரிய திரையில் 12 வயதுப் பையனின் கட்டைவிரல் நடுவரைக்கும் எட்டாது. பொத்தான்களை ஓரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம், பெரும்பாலான விளையாட்டுகளில் அந்த வசதி உண்டு, ஆனால் பெரிய திரையின் பயனில் கொஞ்சம் அங்கேயே போகிறது.

மேசையில் சாய்த்து வைத்து, ஒற்றை விரலால் தொட்டு ஆடும் விளையாட்டுக்கு டேப்லெட் அருமை. கையில் பிடித்து இரண்டு கட்டைவிரலால் ஆடுவதற்கு நல்ல போன் போதும்.

#4 நாலுவிரல்

ஓரமாக நகர்த்தினால் பயன் போகிறது என்பதை ஏற்க முடியவில்லை சகோ. விரல் ஓரத்தில் இருந்தால்தானே நடுத்திரை முழுக்கத் தெரியும்! போனில் கட்டைவிரலே கால்வாசித் திரையை மறைக்கிறது. எடை விஷயம் சரிதான், நான் தொடையில் தலையணை வைத்து அதன்மேல் வைத்துக்கொள்வேன். போட்டிகளில் கலந்துகொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று: டேப்லெட்டை அனுமதிக்காத போட்டிகள் உண்டு. விதிமுறையைப் படிக்காமல் டேப்லெட்டில் பழகிவிட்டுப் போனால் கடைசி நேரத்தில் போனுக்கு மாறுவது கொடுமை.

#5 கம்பிவலை

அண்ணாச்சி, நான் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருக்கிறவன், மதுரை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது டேப்லெட் இல்லை, தூரம்.

"300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் கேம் நன்றாக ஓடுமா" என்று போகிற வீட்டில் எல்லாம் கேட்கிறார்கள். ஆன்லைன் விளையாட்டு இழுக்கும் டேட்டா ஒரு வீடியோ காலைவிடக் குறைவு. வேகம் அல்ல, தாமதம்தான் பிரச்சினை. பிங் என்று திரை மூலையில் காட்டுவது, உங்கள் விரல் தொட்ட செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் வர ஆகும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வர 10 மில்லி செகண்ட் கட்டாயம் ஆகும். எந்தப் பிளானும், எந்த "பிங் குறைப்பான்" செயலியும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. சென்னையில் இருந்து மும்பை 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிங்கப்பூர் 2,900 சொச்சம், கடலடியில் நேரடிக் கேபிள் இருப்பதால் அந்தத் தூரத்துக்கு நல்ல பிங்தான் வரும். டொராண்டோ? நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. 200 மில்லி செகண்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் சுடுவது, உதைப்பது, ஓடிப்பிடிப்பது போன்ற எந்த விளையாட்டிலும் சர்வர் இங்கே இருந்தால் தம்பி மகன் தோற்பான், அங்கே இருந்தால் உங்கள் மகன் தோற்பான். அவன் திரையில் மறைவுக்குள் போய்விட்டான், சர்வர் கணக்கில் இன்னும் வெளியே நிற்கிறான். ஒருவன் எப்போதும் தோற்கும் விளையாட்டில் இரண்டு பிள்ளைகளும் எவ்வளவு நாள் பேசிக்கொண்டிருப்பார்கள்? தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் விளையாட்டாகத் தேடுங்கள். அப்புறம் சாதனம் தானாக முடிவாகும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் சொல்கிறேன். பிங் 40 என்று காட்டும், திடீரென்று 400 போய் திரும்பும். பல வீடுகளில் காரணம் வீட்டிலேயே யாரோ ஒருவரின் போன் எடுத்த வீடியோவை எல்லாம் மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருப்பதுதான். சந்தில் லாரி நின்றால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்கிற கதை. விளையாடும் நேரத்தில் போட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரிந்தால் 5ஐத் தேர்ந்தெடுங்கள், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் 5 பலவீனமாகும், அதனால் ரவுட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து ஆடுவது நல்லது.

புளூடூத் ஹெட்செட்டும் ஒரு தாமதம். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பும் விளையாட்டில் சத்தமே 100, 200 மில்லி செகண்ட் பிந்தி வந்தால் என்ன செய்வது? வயர் ஹெட்போன் போடச் சொல்லுங்கள். டேப்லெட் வாங்கும்போது ஹெட்போன் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், இப்போது பலதில் இல்லை.

#6 தெற்குமாசி

காலேஜ் ஹாஸ்டலில் ஒருவன் ஹாட்ஸ்பாட் போட, ஒரு மாடியே மினி மிலிஷியா என்ற சுடும் விளையாட்டு ஆடுவோம். இணையமே தேவைப்படவில்லை, தாமதம் என்ற பேச்சும் இல்லை. அந்தக் குதூகலம் வேறு எதிலும் வரவில்லை. தம்பி குடும்பம் மறுபடி ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள் அண்ணாச்சி.

#7 சிராங்கூன்வாசி

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். என் அக்கா பிள்ளைகள் தஞ்சாவூரில். நாங்கள் மைன்கிராஃப்ட் ஆடுகிறோம், கல், மரக் கட்டிகளை உடைத்து அடுக்கி விரும்பியதைக் கட்டும் விளையாட்டு. நீங்கள் தேடுவது அதுதான் என்று நினைக்கிறேன்.

போன், டேப்லெட், எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ் என்று எதில் இருந்தாலும் பெட்ராக் பதிப்பு வைத்திருப்பவர்கள் ஒரே உலகத்தில் சேரலாம். 2017இல் வந்த வசதி இது. ஜாவா பதிப்பு வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டுக்கு ஒரு முறை, ஐபேடுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக வாங்க வேண்டும். ஆனால் வாங்கிவிட்டால் அவ்வளவுதான்.

யாராவது ஒருவர் தன் சாதனத்தில் உலகத்தைத் திறந்து வைத்தால் மற்றவர்கள் உள்ளே வரலாம். அவர் போனை அணைத்தால் எல்லோரும் வெளியே. அது சிரமமாக இருந்தால் ரெல்ம்ஸ் சந்தா இருக்கிறது, உலகம் எப்போதும் சர்வரில் திறந்தே இருக்கும். ரெல்ம்ஸ் பிளஸ் என்றால் உரிமையாளரோடு ஒரே நேரத்தில் இன்னும் 10 பேர் வரலாம். ஒருவர் பணம் கட்டினால் போதும், மற்றவர்களுக்கு இலவசம். உங்கள் இரண்டு வீட்டுக்கும் இது மிகவும் பொருந்தும். தம்பி மகன் அங்கே பகலில் ஒரு கோட்டை கட்டி வைப்பான், உங்கள் மகன் காலையில் எழுந்து போய்ப் பார்ப்பான், அதில் ஒரு கிணறு சேர்ப்பான். மாலையில் பேசுவதற்கு விஷயம் தானாக வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் கட்ட ஆரம்பித்து, எத்தனை நிலை என்று எண்ணுவதற்காகவே கோயிலுக்கு நேரில் போய் வந்தார்கள்.

200 மில்லி செகண்ட் தாமதத்தில் கல் உடைப்பது, அடுக்குவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். உடைத்த கல் சில நேரம் திரும்ப முளைத்து மறையும், அவ்வளவுதான். ஒருவரோடு ஒருவர் வாள் சண்டை போட்டால்தான் எரிச்சல் வரும்.

சின்னத்திரை சொன்னது இங்கே பொருந்தும். கட்டுவதற்குப் பெரிய திரை நல்லது, கைரோ தேவையே இல்லை. 15,000 ரூபாய் டேப்லெட் போதும், ஆனால் ராம் குறைந்தது 4 ஜிபி இருக்கட்டும்.

#8 ஈரோட்டு அம்மா

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கடந்து வந்தவள் என்பதால் சொல்கிறேன் தம்பி. எந்த விளையாட்டு என்பதைவிட யாரோடு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் பெரியவன் ஒரு சுடும் விளையாட்டில் முன்பின் தெரியாதவர்களோடு அணி சேர்ந்து, ஹெட்போனில் வாய்ஸ் சேட் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஸ்பீக்கரில் கேட்டேன். வளர்ந்த ஆண்கள் பேசும் கெட்ட வார்த்தைகள், அதுவும் ஒரு குழந்தையைப் பார்த்து. அன்றே வாய்ஸ் சேட்டை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினேன். அப்படி மாற்றும் இடம் பல விளையாட்டுகளில் அமைப்புக்குள் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். மைன்கிராஃப்டில் பிள்ளைக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கும்போது உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். அப்போதுதான் அது குழந்தைக் கணக்காகப் பதிவாகி, யாரோடு சேரலாம் என்று அனுமதிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கும். முதலில் "மல்டிபிளேயர் அனுமதி இல்லை" என்று வரும். பயப்பட வேண்டாம், பெற்றோர் கணக்கில் இருந்து அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது பணம். பிள்ளைகள் ஆடுவது நம் போனில், நம் யுபிஐ இருக்கும் போனில். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். உடை, பெட்டி, அதிர்ஷ்டச் சுழல் என்று காட்டிக்கொண்டே இருப்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கட்டச் சொல்வது எனக்குச் சூதாட்டமாகத்தான் தெரிகிறது. குழந்தைகளிடம் இதை விற்பது தவறு, அவ்வளவுதான்.

பிஜிஎம்ஐ மீண்டும் வந்தபோது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். சீனாவில் 2021இல் இருந்து வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான் பிள்ளைகளுக்கு ஆன்லைன் விளையாட்டு. என் வீட்டில் அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. ஆனால் போன் அறைக்குள் போகக்கூடாது, கூடத்தில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். இந்த ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது.

#9 நாலுவிரல்

அக்கா, நீங்கள் சொன்ன அந்தக் கெட்ட வார்த்தை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நல்ல அணிகளில் அப்படிப் பேசுகிறவனை உடனே வெளியே அனுப்பிவிடுவோம், ஆனால் தற்செயலாகச் சேரும் அணியில் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. புகார் பொத்தானை அழுத்தச் சொல்லிக்கொடுங்கள்.

#10 கட்டம்64

இவ்வளவு பேசியும் யாரும் சதுரங்கத்தைச் சொல்லவில்லையே! நம் ஊரில் பிள்ளைக்குச் சொல்லித்தர வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. லிசெஸ் செயலி முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. நேரடியாக ஆடலாம், அல்லது ஒரு நகர்த்தலுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்துக் கடிதப் போக்குவரத்துப் போல ஆடலாம். பத்தரை மணி நேர வித்தியாசம் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குழந்தைகளுக்கான முறையை இயக்கினால் அரட்டை மொத்தமாக அடைபடும், ஈரோட்டு அம்மா சொன்ன கவலையும் தீர்ந்தது. சாதாரண போனிலும் ஓடும்.

நேரம் குறைவான ஆட்டம் என்றால் இணைப்பு நன்றாக இருக்க வேண்டும். 2020இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிச் சுற்று நினைவிருக்கிறதா? ஆகஸ்ட் 30, இந்தியாவும் ரஷ்யாவும். பல இணையதளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃபிளேர் சேவை உலகளவில் முடங்கியதில் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவருக்கும் இணைப்பு அறுந்து நேரம் தீர்ந்துபோனது. கடைசியில் இரண்டு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். கம்பிவலை சொன்ன தாமதத்தை லிசெஸ் கடிகாரத்தில் ஓரளவு கழித்துக் கணக்கிடும், ஆனால் அறுந்த இணைப்புக்கு எதுவும் செய்ய முடியாது.

#11 சின்னத்திரை

பெரியவர்கள் நீங்களும் தம்பியும் மட்டும் என்றால் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் பாருங்கள், ஊர் கட்டிப் படை அனுப்பும் விளையாட்டு, கிளான் என்பது ஆடுகிறவர்களின் குழு. எதிராளி தூங்கும்போதும் அவர் கட்டி வைத்த ஊரைத் தாக்கலாம். கிளான் போரில் ஒரு நாள் ஆயத்தம், ஒரு நாள் போர். அந்த 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து உங்கள் தாக்குதலைச் செய்துவிட்டுப் போகலாம். கனடா, இந்தியா என்ற பிரிவு இல்லை, எல்லோரும் ஒரே கிளானில் இருக்கலாம். 2012இல் வந்த விளையாட்டு, இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐபேடில் படை இறக்கும்போது விரல் நினைத்த இடத்தில் விழும், அதுதான் அதன் அழகு.

#12 ஈரோட்டு அம்மா

கேரம், லூடோ என்று தேடும்போது கவனம் தம்பி. பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் மொத்தமாகத் தடை செய்திருக்கிறது. நம் மாநிலம் ரம்மியால் பட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "நண்பனை அழைத்தால் பரிசு" என்று டெலிகிராமில் சுற்றும் செயலிக் கோப்புகள் ஓய்ந்தபாடில்லை. ஸ்டோரில் இல்லாத எதையும் இறக்க வேண்டாம்.

#13 பாளைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. தம்பியிடம் முழு இழையையும் அனுப்பி, இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

மைன்கிராஃப்ட் என்று முடிவு. ரெல்ம்ஸ் சந்தாவைத் தம்பி கட்டுகிறான். டேப்லெட் இப்போதைக்கு இல்லை. மனைவியின் போனில் ஒரு மாதம் ஆடட்டும், பிடித்திருந்தால் 4 ஜிபி ராம், ஹெட்போன் துளை, இரண்டும் பார்த்து வாங்குகிறேன். எனக்கும் தம்பிக்கும் லிசெஸ், நகர்த்தலுக்கு 3 நாள். மகன் பிஜிஎம்ஐ இல்லை என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், தம்பி மகன் மட்டும் தனியாக அங்கே எப்படி ஆடுவான் என்று நான் கேட்டபோது யோசித்தான். பெரிய கோயிலைக் கட்டினார்கள் என்று படித்துக் காட்டியதும் "நாங்க நெல்லையப்பர் கோயில் கட்டுறோம்" என்று தொடங்கிவிட்டான்.

கடைசியாக ஒன்று. வாரம் ஒரு முறையாவது நான்கு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். சனிக்கிழமை என்று யோசிக்கிறோம். எந்த நேரம் வசதி?

#14 சிராங்கூன்வாசி

அவர்களுக்குச் சனிக்கிழமை காலை 9 மணி. இப்போது கோடைக்கால நேரம் என்பதால் உங்களுக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், கட்டம்64 சொன்ன பத்தரை மணி நேரம் அப்போதுதான். அதற்குப் பிறகு உங்களுக்கு 7:30 ஆகிவிடும். மார்ச்சில் திரும்ப மாறும். இதை முன்பே பையனிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருந்து கோபித்துக்கொள்வான்.

#15 கம்பிவலை

6:30 நல்ல நேரம் அண்ணாச்சி, 8 மணிக்கு மேல் தெருவே படம் பார்க்க உட்கார்ந்துவிடும். போட்டோ பேக்கப்பை மறக்காமல் நிறுத்துங்கள்.